10 கிலோமீட்டர் என்று எழுதும் முன்



சென்ற இதழில் நம் குடியரசு தின ஓட்டத்தின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கேட்டுக்கு முன்னால் கட்டியிருந்த பேனரில் "10 கி.மீ." என்று பெரிதாக இருந்தது. ஓடியவர்களுக்குக் கொடுத்த சான்றிதழிலும் அதே 10 கி.மீ., பக்கத்தில் ஓடிய நேரம், கீழே அசோசியேஷன் முத்திரை. அந்த 10 கிலோமீட்டரை அளந்தவன் நான்தான். ஒரு சனிக்கிழமை மாலை ஸ்கூட்டரில் புறப்பட்டு அமிர்தி சாலையில் போனேன். மீட்டர் 5.0 காட்டிய இடத்தில் ஒரு புளியமரம் இருந்தது. அதில் சுண்ணாம்பு அடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அந்த மரத்தைச் சுற்றித் திரும்பி வந்தால் 10 கிலோமீட்டர் என்று கணக்கு.

ஓட்டம் முடிந்ததும் சிலர் கைக்கடிகாரத்தைக் காட்டி, 9.7தான் வருகிறது என்றார்கள். கடிகாரம் தப்பு, ஸ்கூட்டர் சரி என்று சொல்லிவிட்டேன். பிறகு மனது கேட்கவில்லை. ஒரு ஞாயிறு காலை 6 மணிக்கு, இரண்டு இளைஞர்களோடு ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதே சாலையில் மறுபடி அளந்தேன். எப்படி அளந்தோம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். கேட்டிலிருந்து புளியமரம் வரை 4,820 மீட்டர். போய் வந்தால் 9,640 மீட்டர். 360 மீட்டர் குறைவு.

இது தெரிந்த அன்று மாலை, நம் பிளாக்கில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருவர் என்னிடம் கேட்டார். "அங்கிள், அப்ப நான் 50 நிமிஷத்துக்குள்ள ஓடலையா?" அவர் சான்றிதழில் 48 நிமிடம் 40 விநாடி என்று இருக்கிறது. அன்று அவருக்கு உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு மாதம் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஒரு சாலையை ஓட்டப் பந்தயத்துக்கு அளப்பதற்குப் பின்னால் 100 ஆண்டுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. நான் செய்த தவறை எனக்கு முன்பே பெரிய பெரிய நகரங்கள் செய்திருக்கின்றன. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரே பெயர், வேறு வேறு தூரம்

மாரத்தான் என்றால் 42.195 கிலோமீட்டர் என்று இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் 1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் மாரத்தான் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். 1912இல் ஸ்டாக்ஹோமில் 40.2 கிலோமீட்டர். 1920இல் ஆன்ட்வெர்ப்பில் 42.75 கிலோமீட்டர். ஊருக்கு ஊர் தூரம் மாறியது. எந்தச் சாலை வசதியாக இருந்ததோ அதுதான் மாரத்தான்.

இன்றைய 42.195 கிலோமீட்டர், 1908 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து வந்தது. விண்ட்சர் அரண்மனையில் தொடங்கி, அரங்கத்துக்குள் அரச குடும்பம் அமர்ந்திருந்த மாடத்துக்கு எதிரே முடித்தார்கள். அது 26 மைல் 385 கெஜம். அந்த ஓட்டத்தில்தான் இத்தாலியின் டோராண்டோ பியட்ரி அரங்கத்துக்குள் பலமுறை விழுந்து, அதிகாரிகள் தூக்கிவிட, முதலில் முடித்தும் தகுதி இழந்தார். 1921இல் உலகத் தடகளச் சம்மேளனம் இந்த லண்டன் தூரத்தையே மாரத்தானின் தூரமாக நிர்ணயித்தது. அது ஏதாவது விசேஷமான எண் என்று நினைக்க வேண்டாம். ஒரு தூரம் எல்லோருக்கும் பொதுவாக வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நிர்ணயத்துக்கு ஓராண்டு முன்பு, 1920 ஆன்ட்வெர்ப் மாரத்தானில் இந்தியாவுக்காக ஓடியவர் ஃபதேப்பா தரேப்பா சௌகுலே. 2 மணி 50 நிமிடம் 45 விநாடியில் முடித்து 19ஆம் இடம் பெற்றார். அவர் ஓடியது இன்றைய மாரத்தானைவிட 555 மீட்டர் அதிகம். அவருடைய சராசரி வேகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோமீட்டருக்கு 4 நிமிடத்துக்கு ஒரு துளி குறைவு. 555 மீட்டருக்கு ஏறக்குறைய 2 நிமிடம் 13 விநாடி வருகிறது. அதைக் கழித்தால் 2 மணி 48 நிமிடம் 32 விநாடி. அவருடைய நேரத்தை மட்டும் எடுத்து இன்றைய ஓட்டக்காரர் ஒருவரோடு ஒப்பிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவர்களாவோம். நேரத்தைச் சொல்லும்போது தூரத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு முழுமை.

அளவுகோலை ஊர் அறிய வைத்த வழக்கம்

நம் ஊருக்கு இது புதிய விஷயம் இல்லை. சோழர் காலத்தில் நிலம் அளந்து வரி போட்டார்கள். 16 சாண் கோல், 12 சாண் கோல் என்று அளவுகோல்கள் இருந்தன. கோலின் நீளத்தைக் கோயில் சுவரில் குறியாகப் பொறித்து வைக்கும் வழக்கம் இருந்தது. அளக்க வருகிறவரின் கோலில் சந்தேகம் இருந்தால் யாரும் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளந்தவர் யாராக இருந்தாலும், அளவுகோல் எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்பதே அதன் பொருள்.

1802இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோடு அளந்தார். பின்னால் இந்தியா முழுவதும் விரிந்த பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் தொடக்கம். 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை 400 முறை வைத்து, ஏழரை மைல் தூரத்தை அளக்க அவருக்கு 57 நாள் ஆயிற்று. சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடவே வெப்பமானிகளை வைத்தார். வெயிலில் எஃகு நீளும். நீண்ட சங்கிலியால் அளந்தால் தூரம் குறைவாக வரும். எனவே ஒவ்வொரு முறையும் வெப்பத்தைக் குறித்து, கணக்கில் திருத்தினார். அந்த அடிக்கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக நம் வட ஆர்க்காட்டு மலைகளைக் கடந்து மேற்கே மங்களூர்க் கரை வரை போனார். வரைபடங்களில் 400 மைல் என்று இருந்த அகலம் உண்மையில் 360 மைல்தான் என்று தெரிந்தது. அதுவரை 40 மைல் தவறாகவே அச்சாகி வந்திருக்கிறது.

சங்கிலி, வெப்பம், திருத்தம் என்ற மூன்றும் இன்று ஓட்டப்பாதை அளப்பதிலும் அப்படியே இருக்கின்றன. சங்கிலிக்குப் பதில் சைக்கிள் வந்திருக்கிறது.

சைக்கிள் எப்படி வந்தது?

மாரத்தானின் தூரம் 1921இல் முடிவாகிவிட்டாலும், ஒரு நகரத்துச் சாலையில் அந்தத் தூரத்தை எப்படிச் சரியாகக் குறிப்பது என்பது பல ஆண்டுகள் தீராமல் இருந்தது. கார் மீட்டரில் அளந்தார்கள். வரைபடத்தில் நூல் வைத்து அளந்தார்கள். கையால் தள்ளும் அளவைச் சக்கரத்தை உருட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு விடை சொன்னது.

இங்கிலாந்தில் ஜான் ஜூவல் என்பவர் 1961இல் சாலைகளை அளப்பது பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். சாதாரண சைக்கிளை முதலில் சரியாகத் தெரிந்த ஒரு தூரத்தில் ஓட்டிச் சக்கரத்தின் சுற்றை எண்ணிக்கொள்ள வேண்டும். பிறகு அதே சைக்கிளால் சாலையை அளக்க வேண்டும். இதுதான் அவர் சிறந்தது என்று காட்டிய முறை. அமெரிக்காவில் இதைக் கையில் எடுத்தவர் டெட் கார்பிட். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் மாரத்தானில் ஓடியவர். தொழிலால் பிசியோதெரபிஸ்ட். 1964இல் அவர் எழுதிய சிறு நூல்தான் அமெரிக்காவில் ஓட்டப்பாதைகளுக்குச் சான்று தரும் முறைக்கு அடிப்படையானது.

சுற்றை எண்ணுவதுதான் சிரமமாக இருந்தது. 1971இல் ஆலன் ஜோன்ஸ் என்ற பொறியாளர் முன்சக்கரத்தில் பொருத்தும் ஒரு சிறு எண்ணியை வடிவமைத்தார். ஜோன்ஸ் கவுன்ட்டர் என்று பெயர். சக்கரம் ஒரு முறை சுற்றினால் எண் 20 அல்லது அதற்குச் சற்று மேல் நகரும். ஒரு எண் என்பது சாலையில் 9 அல்லது 10 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண் கூட இல்லை. செயற்கைக்கோள்கள் வந்த பிறகும் உலகப் பெரிய மாரத்தான்கள் எல்லாம் இந்த முறையில்தான் இன்றும் அளக்கப்படுகின்றன.

அளக்கும் முறை

இதைப் படிப்படியாகச் சொல்கிறேன். ஒரு கிளைக் கணக்கு முடிக்கும் வேலை போலத்தான் இருக்கிறது.

முதலில், நேரான சாலையில் எஃகு டேப்பால் 300 அல்லது 400 மீட்டர் அளந்து இரு முனையிலும் ஆணி அடிக்கிறார்கள். டேப்பை ஏறக்குறைய 5 கிலோ இழுவிசையில் பிடிக்க வேண்டும். டேப்புகள் 20 டிகிரி வெப்பத்துக்குச் செய்யப்பட்டவை. நம் ஊர் வெயிலில் சாலை 40 டிகிரி இருந்தால் 300 மீட்டரில் எஃகு ஏறக்குறைய 7 சென்டிமீட்டர் நீளும். திருத்தாமல் விட்டால் 10 கிலோமீட்டரில் 2 மீட்டருக்கு மேல் பிழை வரும்.

இரண்டாவது, அந்த 300 மீட்டரில் சைக்கிளை நான்கு முறை ஓட்டி எண்ணிக்கையைக் குறிக்கிறார்கள். உதாரணமாகச் சராசரி 3,360 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு 11,200.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அந்த 11,200ஐ 1.001ஆல் பெருக்குகிறார்கள். 11,211.2 வரும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீட்டர் கூடுதலாக வைக்கிறார்கள் என்று பொருள். 10 கிலோமீட்டருக்கு 10 மீட்டர், மாரத்தானுக்கு 42 மீட்டர். எந்த அளவிலும் சிறு பிழை இருக்கத்தான் செய்யும். அந்தப் பிழையால் பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே ஒதுக்கும் தொகை இது. வராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்வதைப் போல என்று என் பழைய சகாக்களுக்குச் சொன்னால் உடனே புரியும்.

நான்காவது, சாலையை அளப்பது. எங்கே ஓட்ட வேண்டும் என்பதற்குக் கண்டிப்பான விதி உண்டு. ஓடுபவர் சட்டப்படி எந்த மிகக் குறுகிய வழியில் போக முடியுமோ, அந்த வழியில்தான் அளக்க வேண்டும். வளைவில் உள்பக்க ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓட்ட வேண்டும். அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் இருந்தால் சாலையைக் குறுக்காக நேர்கோட்டில் கடக்க வேண்டும். நாம் ஸ்கூட்டரில் போகும்போது இடதுபுறமாகவே போகிறோம், பள்ளத்தைத் தவிர்க்கிறோம், பஸ்ஸுக்கு ஒதுங்குகிறோம். நாம் போகும் வழி நீளமானது. ஓடுபவர் போகும் வழி குட்டையானது. வண்டியில் அளந்தால் பாதை குறைவதற்கு இது ஒரு காரணம். வண்டி மீட்டரே சற்றுக் கூட்டிக் காட்டுவது இன்னொரு காரணம். என் புளியமரத்தில் இரண்டும் சேர்ந்துவிட்டன.

ஐந்தாவது, அளந்து முடித்ததும் அதே 300 மீட்டரில் மறுபடி நான்கு முறை ஓட்ட வேண்டும். காலையில் குளிர்ந்திருந்த டயர் வெயில் ஏற ஏறச் சற்று உப்பும். எண்ணிக்கை மாறும். காலைக் கணக்கு, பிறகு எடுத்த கணக்கு இரண்டையும் பார்த்துத்தான் முடிவான தூரம் எழுதுவார்கள்.

கடைசியாக ஆவணம். தொடக்கம், திரும்பும் இடம், முடிவு மூன்றும் சாலையில் ஆணியால் குறிக்கப்படும். இந்த எண்ணுள்ள மின்கம்பத்திலிருந்து இத்தனை மீட்டர், இந்தச் சிறுபாலத்திலிருந்து இத்தனை மீட்டர் என்று வரைபடத்தோடு எழுதி வைப்பார்கள். சுண்ணாம்பு அழிந்தாலும், மரம் விழுந்தாலும் வேறொருவர் வந்து அதே இடத்தைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். உலகத் தடகள அமைப்பும், 1982இல் தொடங்கிய சர்வதேச மாரத்தான் சங்கமும் அங்கீகரித்த அளவையாளர்கள் இதைச் செய்து அறிக்கை தருகிறார்கள். சான்று 5 ஆண்டு செல்லும். இடையில் பாதையை மாற்றினால் செல்லாது.

கடிகாரம் என்ன சொல்கிறது?

அப்படியானால் கையில் கட்டியிருக்கும் ஜி.பி.எஸ். கடிகாரம் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அது சில விநாடிக்கு ஒரு முறை நீங்கள் இருக்கும் இடத்தைக் குறித்து, புள்ளிகளைக் கோட்டால் இணைக்கிறது. மரநிழலிலும் கட்டடங்களுக்கு நடுவிலும் புள்ளி சில மீட்டர் தள்ளி விழும். ஒரே பாதையில் ஓடிய பத்துப் பேரின் கடிகாரம் பத்து விடை சொல்லும். சரியாக அளந்த 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் பெரும்பாலும் 10.1 அல்லது 10.2 என்று காட்டும். கூட்டத்தில் விலகி விலகி ஓடுவதாலும், வளைவில் வெளிப்பக்கம் போவதாலும் நாம் உண்மையிலேயே சற்று அதிகம் ஓடுகிறோம். எனவே கடிகாரம் கூட்டிக் காட்டினால் கவலைப்பட வேண்டியதில்லை. எல்லோருடைய கடிகாரமும் குறைத்துக் காட்டினால் சந்தேகப்பட வேண்டும். அன்று உங்களில் சிலர் சந்தேகப்பட்டது சரி. நான்தான் கேட்கவில்லை.

பெரியவர்கள் செய்த தவறு

1981 அக்டோபர் 25 அன்று நியூயார்க் மாரத்தானில் ஆல்பெர்ட்டோ சலாசர் 2 மணி 8 நிமிடம் 13 விநாடியில் ஓடினார். 1969இல் டெரெக் கிளேட்டன் ஓடிய 2 மணி 8 நிமிடம் 33 விநாடியை முறியடித்து உலகிலேயே சிறந்த நேரம் என்று உலகமே கொண்டாடியது. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பாதையை மறுபடி அளந்தார்கள். 148 மீட்டர் குறைந்தது. அவர் ஓடிய வேகத்தில் 148 மீட்டருக்கு ஏறக்குறைய 27 விநாடி ஆகும். அவர் முறியடித்ததோ 20 விநாடியில். சாதனை போயிற்று. அவர் ஓடியதில் ஒரு குறையும் இல்லை. குறை சாலையில் இருந்தது.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் மாரத்தான் 2013, 2014, 2015 என்று மூன்று ஆண்டும் 380 மீட்டர் குறைவாக நடந்தது 2016இல் தெரியவந்தது. ஏறக்குறைய 24,000 பேரின் நேரம் செல்லாமல் போயிற்று. அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்றவர்கள்தான். வேலைக்குப் போய்க்கொண்டே மாதக்கணக்கில் பயிற்சி செய்து, வாழ்க்கையில் ஒரு முறை மாரத்தான் ஓடியவர்கள். 2016இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்த அரை மாரத்தான் 149.7 மீட்டர் குறைந்ததால் கலம் ஹாக்கின்ஸ் என்பவரின் ஸ்காட்லாந்து சாதனை ரத்தாயிற்று. மாறாக, 2021இல் பிரைட்டன் மாரத்தான் 568 மீட்டர் அதிகமாகப் போய்விட்டது. திருப்பத்தில் வைக்கும் கூம்பு ஒன்று தவறான இடத்தில் இருந்ததுதான் காரணம். சரியாக அளந்த பாதையும், அன்று காலை கூம்பு வைப்பவர் கையில் இருக்கிறது.

இறக்கத்தில் ஓடினால்?

நம் கூட்டத்தில் சிலர், அடுத்த முறை பஸ் வைத்து எல்லோரையும் அமிர்தி பக்கம் கொண்டுபோய் அங்கிருந்து கணியம்பாடிக்கு ஓடிவரலாம் என்று யோசனை சொன்னார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து கீழே வருவதால் குழந்தைகளுக்கும் எளிது, காற்றும் நன்றாக இருக்கும் என்றார்கள். மகிழ்ச்சிக்காக ஓட அது அருமையான யோசனை. ஆனால் நேரம் போட்டுச் சான்றிதழ் கொடுப்பதாக இருந்தால் இன்னொரு விதியும் இருக்கிறது.

சாதனைக்குக் கணக்கில் எடுக்க வேண்டுமானால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே நேர்கோட்டுத் தூரம் பந்தய தூரத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. தொடக்கத்திலிருந்து முடிவுக்கு இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. முதல் விதி, பின்னாலிருந்து வீசும் காற்று முழுத் தூரமும் தள்ளிவிடக் கூடாது என்பதற்காக. இரண்டாவது, மலைச்சரிவு ஓடக் கூடாது, மனிதர் ஓட வேண்டும் என்பதற்காக. புகழ்பெற்ற பாஸ்டன் மாரத்தானே இதில் தேறாது. அது ஓர் ஊரில் தொடங்கி இன்னோர் ஊரில் முடிகிறது. இறக்கம் ஏறக்குறைய 140 மீட்டர், அனுமதியோ 42 மீட்டர். 2011இல் அங்கே கென்யாவின் ஜெஃப்ரி முட்டாய் 2 மணி 3 நிமிடம் 2 விநாடியில் ஓடினார். அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக மாரத்தான் ஓடியதில்லை. ஆனாலும் உலக சாதனை என்று ஏற்கவில்லை. அதே ஆண்டு பெர்லினில் பேட்ரிக் மக்காவு 2 மணி 3 நிமிடம் 38 விநாடியில் ஓடியது உலக சாதனை ஆயிற்று. 36 விநாடி மெதுவாக ஓடியவருக்குச் சாதனை, வேகமாக ஓடியவருக்கு இல்லை. கொடுமையாகத் தோன்றும். பாஸ்டனில் தூரம் சரியாகத்தான் அளந்திருந்தது. ஆனால் எல்லா ஊரையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டுமே.

அந்த வகையில் நம் கேட்டிலிருந்து போய் அதே கேட்டுக்குத் திரும்பும் பாதை நல்ல பாதை. தொடக்கமும் முடிவும் ஒரே இடம். ஏறியது இறங்கியதில் கழிந்துவிடும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. போய்த் திரும்பும் பாதையில் திருப்பம் ஒரு மீட்டர் தவறினால் ஓட்டம் இரண்டு மீட்டர் தவறும். என் புளியமரம் 180 மீட்டர் முன்னாலேயே இருந்தது. அதனால்தான் 360.

நாம் அளந்தது

சைக்கிளில் எப்படி அளந்தோம் என்று சொல்கிறேன் என்றேன் அல்லவா? எங்களிடம் ஜோன்ஸ் கவுன்ட்டர் இல்லை. கொத்தனாரிடம் 30 மீட்டர் டேப் வாங்கி, நேரான சாலையில் பத்து முறை வைத்து 300 மீட்டர் குறித்தோம. முன்சக்கரத்தின் வால்வு கீழே வரும்போதெல்லாம் ஒரு சுற்று. நாமஜபம் எண்ணக் கோயில் கடைகளில் விற்கும் விரல் எண்ணியைக் கையில் மாட்டிக்கொண்டு ஒருவர் அழுத்திக்கொண்டே வந்தார். சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.104 மீட்டர் என்று வந்தது. கேட்டிலிருந்து மரம் வரை 2,291 சுற்று. இன்னொருவர் தனியாக எண்ணிக்கொண்டு திரும்பி வந்தார். 3 சுற்றுதான் வித்தியாசம். வங்கியில் ஒருவர் போட்ட பதிவை இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் கணக்கு ஏறும். ஸ்கூட்டரில் போன அன்று போட்டவனும் நானே, சரிபார்த்தவனும் நானே.

இது அங்கீகாரம் பெற்ற அளவு இல்லை. டேப் துணி டேப், வெப்பத் திருத்தம் செய்யவில்லை. சில மீட்டர் முன்பின் இருக்கலாம். ஆனால் 360 மீட்டர் குறைவு என்பதில் சந்தேகமில்லை.

இனி அந்த மாணவிக்குப் பதில். 9,640 மீட்டரை 48 நிமிடம் 40 விநாடியில் ஓடினீர்கள் அம்மா. ஒரு கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 3 விநாடி. அதே வேகத்தில் முழு 10 கிலோமீட்டர் ஓடியிருந்தால் 50 நிமிடம் 29 விநாடி ஆகியிருக்கும். எனவே அன்று நீங்கள் 50 நிமிடத்துக்குள் ஓடவில்லை. இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. நீங்கள் அன்று ஓடிய வேகம் உங்களுடையது, அதில் ஒரு விநாடியும் குறையாது. சான்றிதழில் தூரத்தைத் தவறாக எழுதியது நான். 30 விநாடிதான் மிச்சம். அதை அடுத்த முறை சரியான சாலையில் நீங்கள் எடுத்துவிடுவீர்கள்.

அடுத்த பொதுக்குழுவில் நான் வைக்கப்போவது மூன்று. ஒன்று, சென்ற முறை கொடுத்த எல்லாச் சான்றிதழையும் 9.64 கி.மீ. என்று திருத்தி மறுபடி கொடுப்பது. அச்சுச் செலவு என்னுடையது. இரண்டு, வெளியாட்களையும் சேர்த்துக் கட்டணம் வாங்கி ஓட்டம் நடத்துவதாக இருந்தால், அதற்கு முன் அங்கீகரிக்கப்பட்ட அளவையாளரை அழைத்து, காவல்துறை அனுமதியோடு, வண்டிப் போக்குவரத்துக் குறைந்த விடியற்காலையில் பாதையை அளந்து சான்று வாங்குவது. பெரிய ஓட்டங்கள் சிலவற்றில் இடம் கேட்கும்போது சான்று பெற்ற பாதையில் ஓடிய நேரத்தைத்தான் ஏற்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது நாளை தேவைப்படலாம். மூன்று, அதற்கு நிதி இல்லை என்று கூட்டம் முடிவு செய்தால், பேனரில் "சுமார் 10 கி.மீ." என்று எழுதுவது. நேரம் போடாமல் மகிழ்ச்சியாக ஓடுவோம். அதில் ஒரு குறைவும் இல்லை.

மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சம்மதம். புளியமரத்துச் சுண்ணாம்பை மட்டும் நானே போய்ச் சுரண்டிவிட்டு வந்துவிட்டேன்.